வார்த்தை கேட்கவில்லை: டெட்ராய்ட்டின் ஒரு வீடும் கிங்ஸ்டனின் ஒரு குளியலறையும்

சென்ற ஏப்ரல் 14-க்குப் பத்து நாள் முன்பு, நான் வேலையாகப் போய்வரும் விடுதி ஒன்றின் மாணவர்கள் வாட்ஸப்பில் ஒரு பாட்டு அனுப்பினார்கள். அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டு, விடுதி அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பதிவு செய்தது. "அக்கா, கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று ஒரு குறிப்பு. பேருந்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பறை கேட்டது, கீபோர்டு கேட்டது, ஒரு பெண் பாடுகிறாள் என்பதும் தெரிந்தது. என்ன பாடுகிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. மூன்று முறை கேட்டும் இரண்டாவது அடியில் ஒரு சொல் பிடிபடவே இல்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. முதலில் அவர்கள் காசு சேர்த்து ஒரு ஸ்டூடியோவுக்குத்தான் போயிருக்கிறார்கள். அங்கே நடந்தது நேர் எதிர். குரல் பளிச்சென்று இருந்தது. பறையோ, இரண்டு தெரு தள்ளி யார் வீட்டு விசேஷத்திலோ அடிப்பது போல ஒதுங்கிக் கிடந்தது. "இவ்ளோ சத்தமா வெச்சா எடுப்பா இருக்காதும்மா" என்றாராம் அங்கிருந்தவர். பாடிய பெண்ணிடம், "இந்த ஸ்லாங் எல்லாம் வேணாம், சுத்தமா உச்சரி" என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் கோப்பை யாரிடமும் காட்டாமல் அழித்துவிட்டு, தாங்களே செய்வதென்று அறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஒரு பதிவில் பறை காணாமல் போனது, இன்னொன்றில் வார்த்தை காணாமல் போனது. மிக்ஸிங் என்பதை நம் தோழர்கள் பலர் தொழில்நுட்ப வேலை என்று நினைத்து, அதற்கென்று இருப்பவர்களிடம் விட்டுவிடுகிறார்கள். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்யும் இடம் அது. அந்த நாற்காலி யார் கையில் இருந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த மாணவர்களுக்குப் பதில் எழுத ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரை நீண்டது.

மைக் வருவதற்கு முன் பாடுவது என்றாலே உரக்கப் பாடுவதுதான். கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டுமென்றால் ஐந்து கட்டைக்கு மேலே போயாக வேண்டும். இசைத்தட்டுப் பதிவிலும் அதே நிலைதான். ஒரு பெரிய உலோகப் புனலுக்கு முன் நின்று பாடினால், அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். குரல் எடுபடாதவர் பதிவுக்கே லாயக்கில்லாதவர். 1925-ல் மின்சாரப் பதிவு வணிக ரீதியாக வந்தபோதுதான் மெல்லிய குரலுக்கும், காதருகே பேசுவது போலப் பாடுவதற்கும் இடம் கிடைத்தது.

மைக் வந்ததும் புதிய சிக்கலும் வந்தது. மனிதக் குரல் நிலையாக நிற்காது. ஒரு சொல் பாயும், அடுத்த சொல் பதுங்கும். நம் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துகள் உரத்தவை. 'ஆ' என்று இழுத்தால் தெரு முழுக்கக் கேட்கும். மெய்யெழுத்துகள் அப்படியல்ல. த், ப், ச் எல்லாம் ஒரு நொடியின் சிறு துணுக்கில் வந்து போய்விடும். ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் அவைதான். பின்னால் இசை சேர்ந்ததும் உயிர் மிதக்கும், மெய் மூழ்கும். விடுதிப் பதிவில் நடந்தது இதுதான்.

இதற்கு மருந்தாக வந்த கருவி கம்ப்ரஸர். அது பாட்டுக்காகப் பிறந்ததல்ல. வானொலி நிலையங்களில் திடீரென்று ஒலி எகிறினால் ஒலிபரப்பில் கோளாறு வரும். அதைத் தடுக்க 1930-களில் ஒலி அளவைத் தானாகக் கட்டுப்படுத்தும் பெட்டிகள் வந்தன. ஒரு எல்லைக்கு மேல் போகும் சத்தத்தைக் கருவியே அமுக்கிவிடும். உரத்ததை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கினால், மெல்லியது மேலே வரும். மூழ்கிய மெய்யெழுத்து தலை தூக்கும். ஆனால் ஒரு விலை உண்டு. அதிகம் அமுக்கினால் குரல் தட்டையாகிவிடும். கோபமும் கெஞ்சலும் ஒரே உயரத்தில் நிற்கும், மூச்சு இரைவது பாட்டை விடப் பெரிதாகக் கேட்கும். வார்த்தை வேண்டுமா, உணர்ச்சி வேண்டுமா என்று கேட்கிற நிலை.

இரண்டும் வேண்டும் என்று சொன்ன இடங்களில் ஒன்று டெட்ராய்ட்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டுக் கூலியையும் நிறவெறிக் கொலைகளையும் விட்டு வடக்கே புலம்பெயர்ந்த லட்சக்கணக்கான கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த கார் நகரம் அது. அங்கே லிங்கன்-மெர்குரி தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பத்தார் சேர்த்து வைத்திருந்த நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுதான் பிறகு மோடவுன் ஆனது. மேற்கு கிராண்ட் புல்வார்டில் 2648-ஆம் எண் வீடு. முன்பு புகைப்பட ஸ்டூடியோவாக இருந்தது. முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் பதிவு அறை, மாடியில் குடியிருப்பு. வயர்கள் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததால் அந்த அறைக்குப் 'பாம்புக்குழி' என்று பெயர். எதிரொலி வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் கருவி வாங்கவில்லை. பரணில் ஒரு ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து, அந்த வெற்றிடத்தின் முழக்கத்தைப் பிடித்தார்கள். பேஸ் கிடாருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வைக்காமல் நேரே மிக்ஸரில் சொருகினார்கள்.

அங்கே குரலுக்குச் செய்த ஒரு வேலையை, மோடவுனில் பணிபுரிந்த பொறியாளர் பாப் ஓல்சன் பின்னாளில் விளக்கியிருக்கிறார். தலைமைப் பொறியாளர் லாரன்ஸ் ஹார்ன் கையாண்ட முறை அது என்பார் அவர். பாடகரின் குரலை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுவார்கள். அதன் ஏற்ற இறக்கம், கோபம், தழுதழுப்பு எதையும் தொடுவதில்லை. இன்னொன்றைக் கம்ப்ரஸரில் போட்டு இரக்கமில்லாமல் நசுக்கி, மேல்பகுதி ஒலியைத் தூக்கிவிடுவார்கள். அந்த நசுங்கிய குரலைத் தனியாகக் கேட்டால் சகிக்காது. ஆனால் அதைக் கொஞ்சமாக, இயல்பான குரலுக்கு அடியில் சேர்த்தால், பாடகர் மெல்லப் பாடும் இடத்திலும் சொல் தெளியும், ஓங்கிப் பாடும் இடத்தில் ஓங்கலும் குறையாது. இன்று யூடியூபில் 'பேரலல் கம்ப்ரஷன்' என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்களே, அது இதுதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? அந்தப் பாட்டு போய்ச் சேர வேண்டிய இடம் பெரிய வரவேற்பறை இல்லை. வேலைக்குப் போகிறவனின் கார் ரேடியோ, சமையலறையில் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர். மோடவுனில் பெரிய ஒலிபெருக்கியோடு நிறுத்தாமல், கார் ரேடியோ அளவுள்ள மட்டமான சின்ன ஒலிபெருக்கியிலும் மிக்ஸைப் போட்டுப் பார்ப்பார்கள். அதில் குரலும் தாளமும் நின்றால்தான் பாட்டு வெளியே போகும். நம் மக்கள் நம் பாட்டை எதில் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாதி ஒலிபெருக்கி அடைத்துப்போன செல்போனில், ஷேர் ஆட்டோவின் ஸ்பீக்கரில், தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கியில். ஹெட்போனில் மட்டும் கேட்டு மிக்ஸை முடிக்கிற தோழர்கள் யாருக்காக முடிக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

தாளத்துக்கும் இதே கதைதான். மார்த்தா ரீவ்ஸும் வாண்டெல்லாஸ் குழுவும் 1965-ல் பாடிய 'நோவேர் டு ரன்' பாட்டில் கணீரென்று கேட்கும் தாளத்துக்கு, பனிக்காலத்தில் கார்ச் சக்கரத்தில் மாட்டும் இரும்புச் சங்கிலியைக் குலுக்கினார்கள். அந்தப் பாட்டுக்கான படப்பிடிப்பும் ஃபோர்டு தொழிற்சாலையில், கார் உருவாகிக்கொண்டிருக்கும் வரிசைக்கு நடுவே நடந்தது. உழைக்கிற இடத்தின் சத்தம் பாட்டுக்குள் வந்துவிட்டது. அதை யாரும் பின்னால் ஒதுக்கவில்லை. மார்த்தா ரீவ்ஸ் அதே நிறுவனத்தில் அலுவலக உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதும் சொல்லவேண்டியது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் பாதி உண்மை. குரல் வானொலி வழியே வெள்ளையர் வீட்டுக்குள் போனது. முகம் போகவில்லை. 1961-ல் மார்வலட்ஸ் குழுவின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' தொகுப்பின் அட்டையில் அந்தப் பெண்கள் இல்லை. ஒரு தபால் பெட்டிதான் இருந்தது. 1966-ல் ஐஸ்லி பிரதர்ஸின் தொகுப்பு அட்டையில் கடற்கரையில் ஒரு வெள்ளை ஜோடி. இது கறுப்பினத்தவர் ஒருவரே நடத்திய நிறுவனத்தில்! சந்தை அப்படிக் கேட்டது, இவர்களும் கொடுத்தார்கள்.

முகம்கூடப் பரவாயில்லை, பெயர்? ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்ட வாத்தியக்காரர்கள்தான் அந்த வீட்டிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு வாசித்தவர்கள். பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், டிரம்ஸ் அடித்த பென்னி பெஞ்சமின், கீபோர்டு ஏர்ல் வான் டைக், தம்புரின் ஜாக் ஆஷ்ஃபோர்டு. உலகமே ஆடிய அந்தத் தட்டுகளின் அட்டையில் இவர்கள் பெயர் பல ஆண்டுகள் இடம்பெறவில்லை. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் முறையாகப் பெயர் போட்டார்கள். 1972-ல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்தது. பலர் டெட்ராய்ட்டிலேயே விடப்பட்டார்கள். 1983-ல் மோடவுனின் 25-ஆம் ஆண்டு விழா கோலாகலமாக நடந்தபோது ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. கள்ள டிக்கெட் வாங்கி மாடி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 47.

(இதைப் படிக்கும்போது, சாவு வீட்டில் இரவு முழுக்கப் பறை அடித்துவிட்டு, விடிந்ததும் பந்திக்கு அழைக்கப்படாமல் பின்வாசலில் காசு வாங்கிக்கொண்டு போனவர்களின் ஞாபகம் வராதவர் நம்மில் யார்?)

மார்வின் கேயின் அந்தத் தொகுப்பில் குரல் பற்றி ஒரு நல்ல கதை உண்டு. தலைப்புப் பாட்டுக்கு அவர் இரண்டு முறை பாடியிருந்தார், எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று. பொறியாளர் கென் சாண்ட்ஸ் தவறுதலாக இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார். ஒரு மனிதன் தனக்குள் தானே பேசிக்கொள்வது போல அது கேட்டது. மார்வினுக்குப் பிடித்துப்போனது. பிறகு அதையே தன் முறையாக்கிக்கொண்டார். போரும் போலீஸ் வன்முறையும் பற்றிக் கேள்வி கேட்கிற ஒரு பாட்டுக்கு அந்தத் தவறு பொருந்தியது போல வேறெதுவும் பொருந்தியிருக்காது.

டெட்ராய்ட்டில் குரலை முன்னால் கொண்டுவரப் பாடுபட்ட அதே காலத்தில், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் குரலையே எடுத்துவிட்டார்கள். 1968 வாக்கில், ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம் நடத்துபவருக்காகத் தட்டு வெட்டியபோது, பொறியாளர் பைரன் ஸ்மித் பாடகரின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ரெட்வுட் அதை அப்படியே எடுத்துப்போய் இரவு ஆட்டத்தில் போட்டார். குரல் இல்லாத இடத்தில் கூட்டம் தானே பாடியது. அந்தக் காலியிடத்தின் மதிப்பு அன்று புரிந்தது.

அதைக் கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரட்டக், 1941-ல் பிறந்தவர். தொழில் ரேடியோவும் மின்கருவிகளும் பழுது பார்ப்பது. வாட்டர்ஹவுஸ் என்ற ஏழைக் குடியிருப்பில், தன் அம்மாவின் வீட்டு முன்னறையில் நான்கு தட ரெக்கார்டரும், ஒரு பெரிய ஸ்டூடியோ கழித்துவிட்ட பழைய மிக்ஸரும் வைத்திருந்தார். குரல் பதிவு செய்ய இடமில்லை. குளியலறையை அதற்கு ஒதுக்கினார். இசைக்குழு வாசிக்கக்கூட அந்த வீட்டில் இடம் கிடையாது. வேறு இடத்தில் பதிவாகி வரும் டேப்பில்தான் அவர் வேலை. ஒரு வரியைப் பாதியில் வெட்டுவார், கடைசிச் சொல்லை எதிரொலியில் வீசிவிடுவார், எல்லாவற்றையும் நிறுத்தி டிரம்ஸும் பேஸும் மட்டும் நடக்கவிடுவார். மிக்ஸரே அவருக்கு வாத்தியம். அந்தக் காலியிடத்தில் யு-ராய் போன்றவர்கள் மைக் பிடித்துப் பேசினார்கள், 1970-ல் அது வெற்றித் தட்டுகளாக வந்தது. ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குப் போன கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தன் தங்கைக்காக நடத்திய விருந்தில் அதன் தொடர்ச்சியைத்தான் செய்தார். அங்கிருந்து ஹிப்ஹாப்.

கிங் டப்பி 1989-ல் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அங்கிருந்து நமக்கு வழி இருக்கிறது. 1946-ல் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதியதும், 1972-ல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் பெயரைக் கடன் வாங்கியதும் நீங்கள் அறிந்தவை. இசையில் அந்தத் தொடர்பு கண்கூடாகத் தெரிந்தது 2018 ஜனவரியில், சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது. பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்குப் பின்னால் அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்து. கானாவும் ராப்பும் பறையும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒரே மேடையில். அன்று எனக்கு முக்கியமாகப் பட்டது, பறை ஓரத்தில் 'நாட்டுப்புற' அலங்காரமாக நிற்கவில்லை என்பது. சென்னைத் தமிழை யாரும் 'சுத்தம்' செய்யவுமில்லை.

ஆனால் மோடவுன் அட்டைகளின் கதை நம்மையும் விடவில்லை. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' அறிவும் தீயும் பாடியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. அறிவு இல்லை. ரஞ்சித் உள்படப் பலரும் கேள்வி எழுப்பிய பிறகு அவருக்கெனத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டார்கள். யார் எவ்வளவு உழைத்தார் என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. தபால் பெட்டியை ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

இனி விடுதி மாணவர்களுக்கு நான் எழுதியது. வேலை செய்வதற்கு ஒரு மடிக்கணினியும் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியும் போதும். குரல் தடத்தை நகல் எடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். நகலைக் கம்ப்ரஸரில் பலமாக அமுக்கி, 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் தூக்கி, ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டு மெல்ல மெல்ல ஏற்றுங்கள். காணாமல் போன சொல் கேட்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். அது தனியாகத் தெரிந்தால் அதிகம்.

பறைக்கு வேறு கணக்கு. அடிக்குச்சியின் சத்தம் கீழே முழங்கும். சிண்டுக்குச்சியின் சத்தம் மேலே சுளீரென்று விழும், குரலின் மெய்யெழுத்துகள் இருக்கிற அதே பகுதியில், ஏறக்குறைய 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸுக்குள். சண்டை அங்கேதான். பறையை மொத்தமாகக் குறைப்பது சோம்பேறித்தனமான தீர்வு, ஸ்டூடியோக்காரர் செய்தது. பாட்டு வரும் இடத்தில் மட்டும் அந்தப் பகுதியில் சிறிது வழிவிடச் செய்து, வரி முடிந்ததும் முழுதாகத் திறந்துவிடலாம். பறைக்குக் கம்ப்ரஸர் போட்டால், அமுக்கத் தொடங்கும் நேரத்தை, அதாவது அட்டாக்கை, கொஞ்சம் தாமதமாக வையுங்கள். இருபது, முப்பது மில்லி செகண்ட். முதல் அடி தப்பித்து வெளியே வரும், அதன் பிறகுதான் பிடி விழும். 'பஞ்ச்' என்கிறோமே, அது அந்தத் தப்பித்த அடிதான். அட்டாக்கை வேகமாக வைத்தால் அடியின் தலையே வெட்டுப்பட்டு, சத்தம் இருக்கும், அடி இருக்காது. இன்னொன்று, பதிவுக்கு முன் பறையைக் காய்ச்சினீர்களா? விடுதியில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள் என்று தெரியும். தொய்ந்த தோலை எந்த மென்பொருளாலும் இழுத்துக் கட்ட முடியாது. மைதானத்தில் காய்ச்சி, அங்கேயே பதிவு செய்துவிட்டு வாருங்கள். பாடிய தங்கையிடம், உச்சரிப்பை மாற்றாதே என்றும் எழுதினேன்.

நான்கு நாளில் மூன்றாவது மிக்ஸ் வந்தது. இந்த முறை ஷேர் ஆட்டோவில், ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டு அவர் ஸ்பீக்கரிலேயே போட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் இரண்டாவது அடியின் அந்தச் சொல் கேட்டது. அது அவர்கள் ஊர்த் தெருவின் பெயர். பறை நெஞ்சில் விழுந்தது. கீபோர்டு இன்னும் கொஞ்சம் அதிகம், சொல்லியிருக்கிறேன்.

யூடியூபில் ஏற்றப்போகும் குறிப்பையும் அனுப்பியிருந்தார்கள். பாடல் வரி, இசை, குரல், மிக்ஸிங் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. தாளத்துக்கு நேரே 'பறைக் குழு' என்று மட்டும் இருந்தது. எத்தனை பேர் அடித்தார்கள் என்று கேட்டேன். ஐந்து பேர், அதில் இருவர் கல்லூரியில் படிப்பவர்கள் இல்லை, ஊரிலிருந்து வந்த அண்ணன்கள் என்றார்கள். ஐந்து பெயரையும் எழுதி மறுபடி அனுப்பச் சொன்னேன்.